மீனுக்கு என்ன ஆச்சு? முதலில் சம்ப் மூடியைத் திறங்கள்

மீன் சோர்ந்து கிடக்கிறது என்றால் நம்மில் பெரும்பாலோர் நேராகக் கடைக்குப் போய், "என்ன மருந்து போடலாம் அண்ணா?" என்றுதான் கேட்கிறோம். என்னிடம் யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "இந்த வாரம் உங்க வீட்டு சம்ப்பில் எந்தத் தண்ணீர் விழுந்தது?" சம்ப் என்றால் தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி.

நான் இருப்பது பெங்களூரில், அல்சூர் பக்கம் ஜோகுபாளையாவில். நாலு குடித்தனம், ஒரே சம்ப். வாரத்தில் சில நாள் காவேரித் தண்ணீர் வரும். அது தொரெக்காடனஹள்ளி நீரேற்று நிலையத்திலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் குழாயில், ஐந்நூறு மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வருகிற ஆற்றுத் தண்ணீர். போதாத நாளில் போர், அதாவது ஆழ்துளைக் கிணற்று மோட்டார் போடுவார்கள். அதுவும் மக்கர் செய்தால் டேங்கர். ஐப்பசி மழையில் மொட்டை மாடித் தண்ணீரும் அதே சம்ப்பில்தான் இறங்குகிறது. நாலும் கலந்து மேலே டேங்குக்குப் போய், ஒரே குழாயில் வருகிறது. பார்க்க எல்லாம் ஒன்றுபோலத் தெளிவாக இருக்கும். மீனுக்குத்தான் தெரியும், நேற்று வந்ததும் இன்று வந்ததும் வேறு வேறு என்று.

கடினமான தண்ணீரில்கூட மீன் பிழைத்துவிடும். இந்த ஊரில் மீனைக் கொல்வது பெரும்பாலும் திடீர் மாற்றம்தான். கீழே சொல்லியிருக்கிற அறிகுறிகளில் பாதி அங்கேயே போய் முடியும்.

அளக்காமல் ஆரம்பிக்காதீர்கள்

கடினத்தன்மை என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று, தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். கடையில் இதை ஜிஎச் என்பார்கள். இன்னொன்று பைகார்பனேட், கார்பனேட் அளவு, அதாவது கேஎச். மீனின் உடம்புக்கும் நத்தையின் ஓட்டுக்கும் வேண்டியது முதலாவது. தண்ணீரின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) சட்டென்று சரியாமல் தாங்கிப் பிடிப்பது இரண்டாவது. ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் இருக்கலாம். அதனால் இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

சொட்டு மருந்து மாதிரி வரும் கிட் வாங்குங்கள். 5 மில்லி தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். கேஎச் குப்பியில் நீலம் சட்டென்று மஞ்சளாகும். ஜிஎச் குப்பியில் பெரும்பாலும் ஆரஞ்சு அல்லது சிவப்பு, பச்சையாகும். நிறம் மாற எத்தனை சொட்டு ஆயிற்றோ அத்தனை டிகிரி. ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். லாபில் கொடுத்த ரிப்போர்ட் இருந்தால், 'மொத்தக் கடினத்தன்மை' என்று போட்டிருக்கும் எண்ணை 18-ஆல் வகுத்துக்கொள்ளலாம். குடிநீருக்கான இந்தியத் தரம் 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியில்லை என்றால் 600 வரை விடுகிறது. மீன் கணக்கில் அது 11 டிகிரியும் 33 டிகிரியும். அதாவது மனிதன் குடிக்கத் தகுந்தது என்று சொல்லப்படுகிற தண்ணீருக்குள்ளேயே ஒரு மீன் சுகமாக இருக்கும் இடமும் இருக்கிறது, இன்னொரு மீன் திணறும் இடமும் இருக்கிறது.

கிட் கையில் இல்லையா? பழைய சோப்பு முறை இருக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு பாட்டில், ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். ஆர்ஓவில் நுரை பாட்டில் கழுத்துவரை நிற்கும். கடினமான தண்ணீரில் நுரை படுத்துவிடும், தயிர் திரிந்த மாதிரி திப்பி திப்பியாக மிதக்கும். எண் கிடைக்காது. ஆனால் போன வாரத் தண்ணீரும் இந்த வாரத் தண்ணீரும் ஒன்றா என்று தெரிந்துவிடும். அதுவே பாதி வேலை.

டிடிஎஸ் மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்ஓ மெக்கானிக் புண்ணியத்தில் அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அது கடினத்தன்மையை அளப்பதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, கரைந்த மொத்தத்தையும் ஒரு எண்ணாகச் சொல்கிறது. அந்த மொத்தத்தில் கால்சியம் எவ்வளவு, சாப்பாட்டு உப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஆனாலும் தூக்கிப் போட வேண்டாம். மாற்றத்தைப் பிடிக்க அதைவிட வேகமான சாமான் கிடையாது. 210 காட்டிய குழாய் இன்று 560 காட்டினால், வேறு தண்ணீர் வந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

"கண்ணாடி ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறது"

பயப்பட ஒன்றுமில்லை. கெட்டிலின் அடியில் படிகிற அதே சுண்ணாம்புதான். வினிகரில் நனைத்த துணியை வெளியே தண்ணீர் மட்டத்துக்கு மேல் வைத்துத் தேய்த்தால் போய்விடும். தொட்டிக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது வேறு. ஆவியாகப் போவது வெறும் தண்ணீர், தாது உள்ளேயே தங்குகிறது. குறைந்ததை ஈடுகட்ட மறுபடி போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு போனால் மாதாமாதம் கடினத்தன்மை ஏறும். வற்றியதற்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். ஆர்ஓவிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடலாம், தரை துடைக்கலாம், தொட்டிக்கு மட்டும் வேண்டாம். அது வந்ததைவிடக் கடினமானது.

"மோலி நின்ற இடத்திலேயே ஆடுகிறது"

துடுப்புகளைச் சுருக்கிக்கொண்டு, முன்னால் போகாமல், பாம்பு மாதிரி உடம்பை மட்டும் நெளித்துக்கொண்டிருக்கும். குளிரிலும் இப்படி ஆகும். டிசம்பர் காலையில் பெங்களூரில் ஹீட்டர் இல்லாத தொட்டி 20 டிகிரிக்கு வந்துவிடும், அதை முதலில் பாருங்கள். 25-க்கு மேல் இருந்தும் ஆடுகிறது என்றால், தண்ணீர் அதற்கு ரொம்ப மென்மை. மோலி, கப்பி, பிளாட்டி எல்லாம் கடினத் தண்ணீர் மீன்கள். ஜிஎச் பத்துக்குக் கீழே போனால் முதலில் முகத்தைச் சுளிப்பது மோலிதான்.

இங்கே நம் மொழியே நம்மை ஏமாற்றும். போர் தண்ணீரை 'உப்புத் தண்ணி' என்கிறோம். மோலிக்கு உப்புத் தண்ணி பிடிக்கும் என்று கடையில் சொல்ல, வீட்டுக்கு வந்து கல்லுப்பை அள்ளிப் போடுகிறோம். கல்லுப்பு சோடியம் குளோரைடு. அதில் ஒரு கைப்பிடி போட்டாலும் ஜிஎச் ஒரு டிகிரி ஏறாது. மோலி உப்பைத் தாங்கும், சில சமயம் கொஞ்சம் தெளிவும் கொடுக்கும். ஆனால் அது கேட்டது கால்சியம். கூட இருக்கிற கோரிடோராஸும் (அடியில் மேயும் சின்னக் கெளுத்தி) செடியும்தான் அந்த உப்பில் வாடும். 'உப்புத் தண்ணி' என்பதில் இருக்கிற உப்பு வேறு, அடுக்களை ஜாடியில் இருக்கிற உப்பு வேறு.

வழி எளிது. போர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஏற்றுங்கள். போர் இல்லாத வீடு என்றால், கழுவின கிளிஞ்சலை ஒரு வலைப்பையில் கட்டி ஃபில்டரில் வையுங்கள். மெதுவாகக் கரையும். பவளத் துண்டு விற்கிறார்களே என்று கேட்பீர்கள். நம் நாட்டில் பவளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, கிளிஞ்சலே போதும். வெற்றிலைச் சுண்ணாம்பை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள். அது பிஎச்சை ஒரேயடியாகத் தூக்கி மீனை வேகவைத்துவிடும்.

"சாஃப்ட்னர் போட்டார்கள், டிடிஎஸ் குறையவே இல்லை"

குறையாது. அபார்ட்மெண்ட் சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. கணக்கு நேருக்கு நேர் ஆகிவிடும், மீட்டர் ஒரு புள்ளி ஏறினாலும் ஏறும். ஜிஎச் கிட்டில் ஒரே சொட்டில் நிறம் மாறும். ஆனால் கேஎச் பழையபடியே இருக்கும், ஏனென்றால் பைகார்பனேட்டை அது தொடுவதில்லை. கேஎச் ஜிஎச்சைவிட மிக அதிகமாகக் காட்டினால் வழியில் எங்கோ சாஃப்ட்னர் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஒயிட்ஃபீல்டில் நண்பர் ஒருவர் ஆறு மாதம் புதிர் மாதிரி அலைந்தது இதில்தான்: நியான் டெட்ரா என்ற சின்ன மீனுக்கு வேண்டிய மென்மையான தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பிஎச்சோ எட்டுக்குக் கீழே இறங்கவில்லை. தோட்டத்துக் குழாய் பல சமயம் சாஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரியும். வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டால் எந்தக் குழாய் என்று சொல்வார்.

"நன்றாக இருந்த தொட்டி, தண்ணீர் மாற்றியதும் போயிற்று"

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இரண்டு விதமாக இது நடக்கும், இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முதல் விதம் எனக்கே நடந்தது. 2024 மார்ச். அந்தக் கோடையில் நகரமெங்கும் போர்கள் வற்றியது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் சம்ப்பிலும் அந்த வாரம் முழுக்க டேங்கர் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல இரண்டடித் தொட்டியில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன். ஆறு டிகிரியில் இருந்த தொட்டி பத்து நிமிடத்தில் பதினாலுக்கு ஏறியிருக்கிறது, அளந்தது மறுநாள்தான். பத்து நியானில் ராத்திரிக்குள் ஆறு போயிற்று. மீதி நாலும் மூலையில் ஒட்டிக்கொண்டு, நிறம் வெளிறி நின்றன. நன்னீர் மீனின் உடம்பு எப்போதும் உள்ளே புகும் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டும், தாதுவைப் பிடித்து வைத்துக்கொண்டும் இருக்கிறது. வெளியே இருக்கும் தண்ணீரின் அடர்த்தி சட்டென்று மாறினால் அந்த வேலையை மாற்றிக்கொள்ள அதற்கு நேரம் வேண்டும். நான் பத்து நிமிடம் கொடுத்தேன்.

அன்றிலிருந்து வாளியில் பிடித்ததும் டிடிஎஸ் பார்க்காமல் ஊற்றுவதில்லை. தொட்டிக்கும் வாளிக்கும் 100-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்று மாற்றுவதில்லை, அல்லது பத்தில் ஒரு பங்கு மட்டும். தப்பித் தவறி நடந்துவிட்டால் பதறிப்போய் மறுபடி பழைய எண்ணுக்கு ஒரே மூச்சில் இறக்காதீர்கள், அது இரண்டாவது அடி. விளக்கை அணைத்து, காற்றுக் கல்லை (குமிழி விடும் கல்) ஓடவிட்டு, இரண்டு மூன்று நாளில் மெல்லக் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது விதம் மேல் வீட்டு அக்காவுக்கு. ஒரு நாள் காலையில் படியிலேயே நிறுத்தினார்.

"தம்பி, ஒரு வருஷமா ஆர்ஓ தண்ணி மட்டும்தான் ஊத்தறேன். நாம குடிக்கிற தண்ணி. இதைவிட சுத்தமா என்ன வேணும்?"

"கடைசியா எப்போ மாத்தினீங்க அக்கா?"

"நேத்துதான். ஊர்லேந்து அத்தை வராங்கன்னு பாதி எடுத்துட்டு, ஆர்ஓ அவ்ளோ வரலைன்னு குழாய்த் தண்ணி ஊத்தினேன். காலைல ரெண்டு கோல்டு ஃபிஷ்ஷும் மேல மிதக்குது."

தொட்டித் தண்ணீரை வாங்கி வந்து கேஎச் பார்த்தேன். பாதி குழாய்த் தண்ணீர் கலந்த பிறகும் ரொம்பக் குறைவு. அதற்கு முன் பூஜ்யமாகத்தான் இருந்திருக்கும். நடந்தது இதுதான். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அந்த வேலையில் அமிலம் உண்டாகிறது. ஒவ்வொரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கும் ஏறக்குறைய 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. கேஎச் என்பது அந்தச் செலவுக்கான கையிருப்பு. ஆர்ஓ தண்ணீரில் கையிருப்பே இல்லை. அது தீர்ந்ததும் பிஎச் ஆறுக்குக் கீழே சரிகிறது, பாக்டீரியா வேலையை நிறுத்துகிறது, அம்மோனியா சேர்கிறது. ஆனால் மீன் சாகாது. ஏனென்றால் அமிலத் தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் அவ்வளவு விஷமில்லாத அம்மோனியம் வடிவில் இருக்கும். பார்க்கிறவர்களுக்குத் தொட்டி அமைதியாகத் தெரியும்.

அப்புறம் ஒரு நாள் பிஎச் எட்டு இருக்கும் குழாய்த் தண்ணீர் உள்ளே வருகிறது. பிஎச் ஒரு படி ஏறினால் விஷ அம்மோனியா ஏறக்குறைய பத்து மடங்காகும். இரண்டு படி என்றால் நூறு. பாதித் தண்ணீரை எடுத்ததில் அம்மோனியா பாதியாகியிருக்கும், ஆனால் மீதிப் பாதி விஷமாக மாறிவிட்டது. அக்கா சுத்தம் செய்ததுதான் கொன்றது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அத்தை கிளம்பிப் போன பிறகு சொன்னேன்.

இந்த மாதிரித் தொட்டியைச் சரிசெய்ய, முதலில் தீனியை நிறுத்துங்கள். நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு மட்டும், தொட்டியின் பிஎச்சுக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகும் தண்ணீரால் மாற்றி, அம்மோனியா கிட்டில் பூஜ்யத்துக்கு வரும்வரை பொறுங்கள். அதற்குப் பிறகுதான் கேஎச் ஏற்ற வேண்டும். அதற்கு ஆப்ப சோடாவே போதும். 50 லிட்டருக்கு ஒன்றரை கிராம், அதாவது கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல் போட்டால் ஒரு டிகிரி ஏறும். ஒரு குவளையில் கரைத்து, நாளுக்கு ஒரு டிகிரிக்கு மேல் போகாமல், நாலுக்குக் கொண்டுவாருங்கள். பேக்கிங் பவுடர் வேறு சாமான், அதைப் போடாதீர்கள். சோடா ஜிஎச்சைத் தொடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

"பிஎச் குறைக்கிற சொட்டு போட்டேன், மறுநாளே ஏறிவிட்டது"

கேஎச் பன்னிரண்டு பதினாலு இருக்கிற போர் தண்ணீரில் அமிலச் சொட்டு என்பது கடலில் கரைத்த பெருங்காயம். சொட்டைக் கேஎச் விழுங்கிவிடும், பிஎச் மறுபடி எழும்பும், நீங்கள் மறுபடி சொட்டு விடுவீர்கள். ஏறி இறங்கி ஏறி இறங்கி மீன்தான் களைத்துப்போகும். எலுமிச்சையும் வினிகரும் அதே கதை. வாதாங்கொட்டை மரத்தின் காய்ந்த இலை நல்லதுதான், நம் தெருவிலேயே காலில் மிதிபடும். ஆனால் அது பிஎச்சை இறக்குவது கேஎச் குறைவாக இருக்கும்போது மட்டும். இல்லாவிட்டால் டீ நிறம் மட்டும்தான் மிச்சம்.

உண்மையிலேயே இறக்க வேண்டும் என்றால் ஆர்ஓ கலப்பதுதான் வழி. கணக்கு எளிது: போர் 22 டிகிரி, ஆர்ஓ 1 டிகிரி என்றால், ஒரு வாளி போருக்கு இரண்டு வாளி ஆர்ஓ கலந்தால் 8. குடிநீர் ஆர்ஓ மெஷின்களில் பல, சுவைக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரைத் திரும்பக் கலந்துவிடும். அதனால் ஆர்ஓவையும் ஒரு தடவை அளந்துவிடுங்கள்.

கலந்து வைத்தும் வாரத்துக்குள் ஏறுகிறதா? தொட்டிக்குள் இருக்கும் கல்லைப் பாருங்கள். நர்சரியில் வாங்கிய வெள்ளைக் கூழாங்கல் பெரும்பாலும் மார்பிள். வீட்டில் மிஞ்சிய கடப்பா கல் துண்டும் சுண்ணாம்புக் கல் வகைதான். உலர்ந்த கல்லில் வினிகர் நாலு சொட்டு விட்டுக் காதருகே கொண்டுபோங்கள், 'ஸ்ஸ்' என்று பொரிந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். இந்த ஊர்ப் பாறையான கிரானைட் ஒன்றும் செய்யாது.

"நத்தை ஓடு அரிக்கிறது, இறால் தோல் உரிக்கும்போது சாகிறது"

கால்சியம் போதவில்லை, அல்லது பிஎச் ஏழுக்குக் கீழே இருக்கிறது, அல்லது இரண்டும். செர்ரி இறாலுக்கு ஜிஎச் 6 முதல் 10 வரை இருக்கட்டும். கழுத்துக்குப் பின்னால் வெள்ளை வளையம் விழுந்து செத்துக்கிடந்தால் தோல் பாதியில் சிக்கியிருக்கிறது. அது பெரும்பாலும் பெரிய தண்ணீர் மாற்றத்துக்கு அடுத்த நாளில்தான் நடக்கும். மறுபடி சம்ப்.

"வாங்கி வந்த மீன் இரண்டாம் நாள் செத்தது"

கடையின் தண்ணீர் வேறு, உங்கள் தண்ணீர் வேறு. கவரை மிதக்கவிடுவது வெப்பத்தை மட்டும்தான் சமன்செய்யும். கவர்த் தண்ணீரோடு மீனை ஒரு சின்ன வாளியில் விட்டு, காற்றுக் குழாயில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டியிலிருந்து நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழும்படி ஒரு மணி நேரம் விடுங்கள். வாளித் தண்ணீர் இரண்டு மடங்கானதும் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். சிவாஜிநகரிலிருந்து அரைமணியில் வீடு சேரும் மீனுக்கு இது சரி. சென்னை கொளத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்த கவர் என்றால் இத்தனை நேரம் வேண்டாம். அந்தத் தண்ணீரில் அம்மோனியா சேர்ந்திருக்கும், கவரைப் பிரித்ததும் பிஎச் ஏறத் தொடங்கும், மேலே அக்கா வீட்டில் நடந்ததே வாளியில் நடக்கும். அதற்கு, கடைக்காரரிடம் முன்கூட்டியே டிடிஎஸ் கேட்டு, தனித் தொட்டியில் அதே அளவுக்குத் தண்ணீர் கலந்து வைத்திருந்து நேராக விடுவது நல்லது.

கடினத்தன்மை மேல் பழி போடக்கூடாத இரண்டு

தண்ணீர் மாற்றிய கால் மணியில் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது காவேரிக் குழாயின் குளோரினாக இருக்கலாம். ஆன்டி குளோரின் சொட்டு உடனே போடுங்கள். அல்லது போரிலிருந்து அப்போதுதான் இறைத்த தண்ணீர். ஆயிரம் அடிக்குக் கீழேயிருந்து வருவதில் ஆக்ஸிஜன் மிகக் குறைவு, கரைந்த கார்பன் டை ஆக்சைடு அதிகம். அதை ஒரு ராத்திரி வாளியில் காற்றுக் கல்லோடு வைத்துவிட்டு ஊற்றினால் போதும். பிஎச்சும் மறுநாள் அளந்தால்தான் உண்மை எண் தெரியும்.

எங்கள் சம்ப் மூடியின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்: காவேரி 6, போர் 22, டேங்கர் 'பார்த்து ஊத்து'. மூன்றாவது எண் ஒவ்வொரு லாரிக்கும் மாறுவதால் எழுதிப் பயனில்லை. லாரி வந்த சத்தம் கேட்டால் மேல் வீட்டு அக்கா இப்போது மாடியிலிருந்தே குரல் கொடுக்கிறார், "தம்பி, இன்னிக்கு மாத்தாதே!"